கல்யாணம் செல்லாது என்று ஒரு விமர்சகர் சொன்னால் எதைச் சரிபார்ப்பது?

கேள்வி இதுதான்: "ஏற்காட்டில் இருக்கிறோம். ஒரு அரசியல் விமர்சகர் யூட்யூப் பேட்டியில் பேசியதாக 40 செகண்ட் வீடியோ ஒன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. ஒரு பிரபல நடிகையின் கல்யாணத்தைப் பற்றியது. சேர்வராயன் கோயிலில் ரகசியமாக நடந்தது, தாலி கட்டவில்லை, மதமும் வேறு, அதனால் கல்யாணமே செல்லாது, பல வருஷம் முன்பே பதிவு செய்து மறைத்துவிட்டார்கள், பின்னால் ஒரு கட்சி இருக்கிறது என்கிறார். கூடவே ஒரு போட்டோவும் சுற்றுகிறது. அவர் விவரம் தெரியாமல் பேச மாட்டார் என்று பெரியப்பா அடித்துச் சொல்கிறார். அத்தைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு. எது உண்மை என்று எப்படிப் பார்ப்பது அண்ணா?"

தம்பி, நான் சேலம் நீதிமன்றத்தில் குடும்ப வழக்குகள் நடத்துகிறவன். அந்த நடிகையின் சொந்த வாழ்க்கை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஆனால் அந்த 40 செகண்டில் சட்டத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில், அவர் அப்படித்தான் சொன்னாரா? சரிபார்ப்பு இங்கேதான் தொடங்க வேண்டும். 2005இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகையின் கருத்துக்கணிப்புக்குச் சொன்ன சில வரிகள் பெரிய புயலைக் கிளப்பின. 23 கிரிமினல் புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டில். இதற்கிடையே ஒரு நாளிதழ் அவர் சொன்னதாக வேறு சில வார்த்தைகளை வெளியிட, அவர் அதை மறுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஐந்து வருஷம் கழித்து, 2010 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் அத்தனை புகாரையும் ரத்து செய்தது. நீதிபதிகள் முதலில் செய்தது, மூலப் பத்திரிகையில் அவர் சொல்லியிருந்ததை எடுத்து வைத்துப் படித்ததுதான். ஊரே கொதித்த விஷயத்தில் மூலத்தைப் படித்துவிட்டுக் கோபப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

உங்கள் வீடியோவுக்கும் அதே வழிதான். திரையின் ஓரத்தில் சேனலின் சின்னம் தெரிகிறது. அந்தச் சேனலுக்குப் போய், விமர்சகர் பெயரைப் போட்டு, முழுப் பேட்டியைத் தேடுங்கள். கிடைத்ததும் மூன்றைக் கவனியுங்கள். எப்போது ஏற்றினார்கள், நெறியாளர் கேட்ட கேள்வி என்ன, அந்தப் பதிலுக்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது. நான் பார்த்த துண்டில் "தாலி கட்டலை" என்பதற்கும் "செல்லாது" என்பதற்கும் நடுவில் அவருடைய வலது கை மேசை மேலிருந்து சட்டென்று மடிக்குப் போய்விடுகிறது. அந்த இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய பகுதியில் "என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள், ஆனால்..." என்று இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். முழுப் பேட்டி கையில் வரும்வரை அவரையும் குற்றம் சொல்லக் கூடாது. அவருக்கும் இதே நியாயம் உண்டு.

இப்போதெல்லாம் குரலையே செய்துவிடுகிறார்கள் என்ற சந்தேகமும் வரும். ப, ம வருகிற இடத்தில் உதடு ஒட்டுகிறதா என்று ஒலியைக் குறைத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மட்டமாகச் செய்த போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும். நன்றாகச் செய்தது மாட்டாது. அதனால் மூல வீடியோவைத் தேடுவதற்கு மாற்று எதுவும் இல்லை.

போட்டோவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை, நீங்கள் ஏற்காட்டுக்காரர். சேர்வராயன் கோயில் சன்னதி ஒரு குகைக்குள் இருக்கிறது. குனிந்து உள்ளே போனால்தான் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் பார்க்க முடியும். அந்தப் போட்டோவில் மணமக்களுக்குப் பின்னால் வரிசையாகக் கல்தூண், உயரமான மண்டபம், தூண் உச்சியில் செதுக்கு வேலை. மே மாதத் திருவிழாவுக்கு மலை ஏறியவர் யாராவது அதைச் சேர்வராயன் கோயில் என்று சொல்வாரா? அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். நடிகைகளின் 'ரகசியக் கல்யாணப் படம்' என்று சுற்றுவதில் பாதிக்கு மேல் ஏதாவது படத்தின் கல்யாணக் காட்சியாகவோ நகைக்கடை விளம்பரமாகவோதான் இருக்கும் என்பது என் அனுபவம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். போட்டோ பொய் என்றால் அந்தப் போட்டோ பொய், அவ்வளவுதான். வீடியோவில் சொன்னது பொய் என்று அதை வைத்து நிரூபிக்க முடியாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். தாலி கட்டவில்லை என்பதால் கல்யாணம் செல்லாது என்பது தமிழ்நாட்டில் தப்பு. ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தப்பு.

ஒரு காலத்தில் அந்தப் பேச்சுக்கு இடம் இருந்தது. சுயமரியாதைத் திருமணம் செய்த ஆயிரக்கணக்கான தம்பதிகளின் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் நிற்குமா என்ற கேள்வி இருந்தது. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில் நிற்காது என்றே தீர்ப்பளித்தது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்தார். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதுதான் 7ஏ பிரிவு. இருவரும் இந்துவாக இருந்தால், உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், தங்களுக்குப் புரிகிற மொழியில், இவரை நான் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. இவற்றில் ஏதாவது ஒன்று. ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம். திருத்தத்துக்கு முன்னால் நடந்த அப்படிப்பட்ட திருமணங்களையும் அதே சட்டம் செல்லுபடியாக்கியது.

ஏழு அடி எடுத்து வைத்தால்தான் கல்யாணமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 7ஏ திருமணத்துக்கு அது தேவையில்லை என்று 2001இல் நாகலிங்கம் எதிர் சிவகாமி வழக்கில் முடிவானது. 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் இன்னும் ஒரு படி போய், ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்றது. யாருக்கும் சொல்லாமல் செய்தார்கள் என்பதே ஒரு குற்றம் போல அந்த விமர்சகர் பேசுகிறார் பாருங்கள், அதற்கு இது நேரான பதில்.

2024இல் வந்த ஒரு தீர்ப்பு சிலரைக் குழப்பியிருக்கலாம். சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடியின் வழக்கில், சடங்கு நடக்காவிட்டால் வெறும் சான்றிதழால் இந்துத் திருமணம் உண்டாகாது என்றது உச்ச நீதிமன்றம். அது 7ஏ பற்றிய வழக்கு அல்ல. அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு தாலி, ஏழு அடி என்று இங்கே பேசுவது பொருந்தாது.

இனி மதம். இருவர் மதமும் வேறாக இருந்தால் 7ஏ உதவாது. அதற்காகவே 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், 30 நாள் காத்திருக்க வேண்டும், மூன்று சாட்சிகள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். தாலியோ மோதிரமோ எதுவும் கட்டாயமில்லை, விரும்பிய முறையில் செய்துகொள்ளலாம். அப்படி நடந்து சான்றிதழ் புத்தகத்தில் பதிவாகிவிட்டால், திருமணம் நடந்ததற்கு அதுவே முடிவான சாட்சியம் என்கிறது சட்டம்.

இப்போது அந்த 40 செகண்டைத் திரும்பவும் கேளுங்கள். மதம் வேறு, செல்லாது என்கிறார். அடுத்த மூச்சில், பல வருஷம் முன்பே பதிவு செய்துவிட்டார்கள் என்கிறார். மதம் வேறான இருவர் முறைப்படி பதிவுத் திருமணம் செய்திருந்தால் அது செல்லும். அவர் சொல்கிற இரண்டாவது விஷயம் உண்மை என்றால் முதலாவது விழுந்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து நம்பவே முடியாது. இதைக் கண்டுபிடிக்க எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம், வீடியோவை முழுசாகக் கவனித்துக் கேட்டாலே போதும். பெரியப்பாவிடம் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

பதிவு முன்னால், விருந்து பின்னால் என்பது நம் பக்கத்தில் புதிதும் அல்ல. வெளிநாட்டு விசாவுக்காக, பாங்க் கடனுக்காக, வீட்டில் ஒப்புக்கொள்ளும் வரைக்கும் ஒரு பாதுகாப்புக்காக என்று எத்தனையோ பேர் முன்பே பதிவு செய்கிறார்கள். நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் 2022 ஜூன் 9ஆம் தேதி மாமல்லபுரத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான்கே மாதத்தில், அக்டோபரில், இரட்டைக் குழந்தைகள் பற்றி அறிவித்ததும் வாடகைத்தாய் சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று விவாதம் கிளம்பியது. மாநில அரசின் மருத்துவத் துறை விசாரணைக் குழு போட்டது. அந்த மாதக் கடைசியில் வந்த அறிக்கை, அவர்கள் 2016 மார்ச்சிலேயே பதிவுத் திருமணம் செய்திருந்ததையும், அந்த ஆவணம் உண்மையானது என்று பதிவுத் துறை உறுதி செய்ததையும் சொன்னது. தம்பதி விதியை மீறவில்லை, ஆவணங்களைச் சரியாக வைத்திருக்காதது மருத்துவமனைதான் என்றது. இரண்டு வாரம் டிவியில் அடித்த வாய்ப்பந்தலுக்கெல்லாம் ஒரு பதிவுச் சான்று பதில் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் கல்யாணம் செல்லாமல் போகாது.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு நடிகைக்கு வக்கீல் இருக்கிறார், பணம் இருக்கிறது, மறுத்துப் பேசினால் கேட்க லட்சம் பேர் இருக்கிறார்கள். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் ஜீவனாம்ச வழக்குக்கு வந்து நிற்கிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? கைக்குழந்தையோடு வாழப்பாடியிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ இரண்டு பஸ் மாறி வருவார். எதிர்த்தரப்பு பதில் மனுவில் முதல் வரியே, 'மனுதாரர் எனது மனைவி அல்ல, முறைப்படி தாலி கட்டவில்லை, பதிவும் இல்லை' என்று இருக்கும். பத்து வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தி, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்து, குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா என்று கையெழுத்துப் போட்ட ஆள் சொல்வது இது. அந்தப் பெண்ணும் பல நேரம் பயந்துபோய், தாலி கட்டலைன்னா நிஜமாவே செல்லாதுங்களா என்று என்னிடமே கேட்பார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்றால், செல்போனில் பார்த்தேன் என்பார்.

ஜீவனாம்ச வழக்கில் திருமணத்துக்கு அவ்வளவு கறாரான நிரூபணம் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. நீண்ட காலம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களைத் தம்பதி என்றே சட்டம் அனுமானிக்கும், இல்லை என்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பெற்றோரின் கல்யாணம் செல்லாததாகவே ஆனாலும், அதில் பிறந்த குழந்தையை முறை தவறிப் பிறந்த குழந்தை என்று இந்து திருமணச் சட்டமே சொல்ல விடாது. இதையெல்லாம் அறியாமல் ஒரு விமர்சகர் கேமரா முன்னால் 'செல்லாது' என்று ஒரு வார்த்தை விட்டால், அது நடிகையைத் தாண்டி இந்தப் பெண்கள் மேல் வந்து விழுகிறது. உங்கள் அத்தை கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்து, பின்னால் ஒரு கட்சி இருக்கிறது என்ற பேச்சு. இது நோக்கத்தைப் பற்றியது. ஒருவர் மனதுக்குள் என்ன இருந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. ஆனால் எப்போதாவது ஒரு கடிதம் சொல்லும். 1949இல் பெரியார் மணியம்மையாரைத் திருமணம் செய்ததை வைத்துத் தமிழ்நாடே இரண்டுபட்டது. அதே வருஷம் செப்டம்பரில் அண்ணா தனியே வந்து தி.மு.க. தொடங்கினார். திருமணத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் பெரியாரும் ராஜாஜியும் தனியாகச் சந்தித்துப் பேசியிருந்தார்கள். அவ்வளவு போதுமே. இயக்கத்தை உடைக்க ராஜாஜிதான் இந்த யோசனையைக் கொடுத்தார் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917இல் நகராட்சித் தலைவராகவும் ஆனவர் அவர். ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்த பெரியாருக்கு அந்த நாளிலிருந்தே நண்பர். அரசியலில் நேர் எதிரி, வாழ்க்கையில் நண்பர். அந்தப் பழியை அவர் மறுத்துக்கொண்டு திரியவில்லை. அவர் பெரியாருக்கு எழுதிய அந்தரங்கக் கடிதம் பிற்காலத்தில் வெளியானபோது, அந்தத் திருமணம் வேண்டாம் என்றே அவர் சொல்லியிருந்தது தெரிந்தது. ஊர் பேசியதற்கு நேர் மாறு.

அந்தக் காலத்தில் அதைப் பேசியவர்களில் பலர் விவரம் தெரிந்தவர்கள்தான், இருவரையும் நேரில் அறிந்தவர்களும் இருந்தார்கள். அப்படியும் நோக்கத்தைக் கணித்ததில் தவறினார்கள். ஆகவே 'பின்னால் கட்சி இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், கடிதம் இருக்கிறதா, பேசியதை நேரில் கேட்டவர் பெயர் சொல்லி வருகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை அவருடைய ஊகம் என்று குறித்துக்கொண்டு மேலே போங்கள். நடிகையோ கணவரோ தேர்தலில் நின்றிருந்தால் மட்டும் ஒரு தாள் உண்டு. வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் கணவன் அல்லது மனைவியின் சொத்து விவரம் தனிப் பத்தியில் வரும், தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அதிலிருந்தும் நோக்கம் தெரியாது, கல்யாணம் ஆகியிருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

முழுப் பேட்டியில் 'விவாகரத்து கோர்ட்டில் அந்தப் பெண்ணே ஒப்புக்கொண்டாள்' என்கிற மாதிரி ஏதாவது வந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி அந்த விசாரணை மூடிய அறைக்குள் நடப்பது. அங்கே நடந்ததை வெளியிடுவதே தண்டனைக்குரியது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி முதலில் எழ வேண்டும்.

இனி, பதிவேட்டைப் போய்ப் பார்க்கலாமா? சட்டத்தில் வழி இருக்கிறது. இந்து திருமணப் பதிவேடும் சிறப்புத் திருமணச் சான்றிதழ் புத்தகமும் நியாயமான நேரத்தில் பார்வைக்குத் திறந்தவை, கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் கேட்கலாம். எந்த அலுவலகம், எந்த வருஷம் என்று தெரிய வேண்டும். ஆனாலும் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தத் தாளில் வீட்டு முகவரியும் சாட்சிகளின் பெயரும் இருக்கும். குடும்ப குரூப்பில் ஒரு சண்டையைத் தீர்க்க அவ்வளவு தூரம் போவது முறையல்ல.

கல்யாணம், குழந்தைப்பேறு, குடும்பம் இவை ஒருவரின் அந்தரங்கம், அவர் சம்மதம் இல்லாமல் அதை எழுதக் கூடாது, பொது ஆவணத்தில் பதிவானது போன்ற சில விலக்குகள்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் சொன்னது. உண்மையாகவே இருந்தாலும் எழுதக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பு எந்த வழக்கில் வந்தது தெரியுமா? தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் சுயசரிதையை ஒரு தமிழ்ப் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில். 1995 ஏப்ரலில் நம் சேலம் மத்திய சிறையில்தான் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்படிப்பட்ட ஒரு வழக்கில் எழுதப்பட்ட கோடு இன்று ஒரு நடிகையின் கல்யாணத்துக்கும் பொருந்துகிறது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது.

ஃபார்வர்டு செய்தவனுக்கு என்ன பொறுப்பு என்று பெரியப்பா கேட்பார். நடிகர் எஸ்.வி. சேகர் 2018இல் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதியதைத்தான் முகநூலில் பகிர்ந்தார், பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டார். பகிர்ந்தவர் அதன் உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றமும் கை கொடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அவதூறுக்கு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு.

குரூப்பில் நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்: "போட்டோவில் இருப்பது சேர்வராயன் கோயில் இல்லை. தாலி கட்டாவிட்டால் கல்யாணம் செல்லாது என்பது தமிழ்நாட்டில் சட்டப்படி தவறு. மதம் வேறானவர்கள் பதிவுத் திருமணம் செய்தால் அது செல்லும். மற்றது அவர்கள் சொந்த விஷயம்." அதற்கு மேல் அந்த நடிகையைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள். அந்த வீடியோவையும் திரும்ப ஏற்றாதீர்கள், மறுப்புச் சொல்வதற்காகக்கூட. பெரியப்பாவிடம் குரூப்பில் வாதாடாமல் நேரில் போய், முழுப் பேட்டியைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். அந்த விமர்சகர் முழுப் பேட்டியிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தால் எனக்கு அந்த லிங்க்கை அனுப்புங்கள். 7ஏ பிரிவை எடுத்துச் சொல்லி, திருத்தம் வெளியிடும்படி அந்தச் சேனலுக்கு நானே எழுதுகிறேன்.